ஆண்டு முழுவதும் ஒரே ரயரில் ஓடலாமா? ஒன்ராறியோவில் கார் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒக்டோபர் பிறந்தவுடன் ரயர் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். புதிதாக வந்தவர்கள், முதல் கார் வாங்கிய பிள்ளைகள், இருபது வருடமாக இங்கே ஓடுகிறவர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் போன்ற இடங்களில் குடியிருந்து நாளாந்தம் வேலைக்கு ஓடுகிறவர்களை மனதில் வைத்தே இந்தப் பதில்களை எழுதுகிறேன். வடக்கே சட்பரியிலோ தண்டர் பேயிலோ இருக்கிறவர்களுக்கு என் பதில் ஒரே வரிதான்: வின்ரர் ரயர் போடுங்கள்.

காரோடு வந்த ஓல்-சீசன் ரயர் இருக்கிறது. அது நான்கு பருவத்துக்கும் போதாதா?

போதாது. இங்கே விற்கப்படும் புதிய கார்களில் பெரும்பாலானவை ஓல்-சீசன் ரயரோடுதான் வருகின்றன. வசந்தம், கோடை, இலையுதிர் காலம், அதோடு எப்போதாவது தூவுகிற மெல்லிய ஸ்னோ, இவ்வளவுதான் அது சமாளிக்கும். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்க இறங்க அதன் றப்பர் இறுகிக்கொண்டே போகும். ரொறன்ரோவில் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை அநேகமான காலைகள் அந்த 7 பாகைக்குக் கீழேதான் இருக்கின்றன. வீதியில் ஒரு துளி ஸ்னோ இல்லாத காய்ந்த நாளிலும் இந்தக் குறை இருக்கும்.

ஜனவரி மாதக் காலையொன்றில், இரவு முழுவதும் வெளியில் நின்ற இரண்டு கார்களின் ரயரைப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். வின்ரர் ரயரின் கட்டை, அதாவது வீதியைத் தொடுகிற றப்பர்த் துண்டு, கொஞ்சம் உள்வாங்கி, விட்டதும் திரும்பி வரும். ஓல்-சீசன் ரயர் பழைய அழிறப்பர் மாதிரி நகத்தைத் தள்ளிவிடும். வீதியைப் பிடிக்க வேண்டியது அந்த றப்பர்தான்.

அப்படியானால் ஓல்-வெதர் என்பது என்ன?

பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் கடையிலேயே பலர் குழம்பிப்போகிறார்கள். ஓல்-வெதர் வேறு வகை ரயர். சிலிக்கா கூடுதலாகக் கலந்த றப்பர் என்பதால் குளிரில் அவ்வளவு சீக்கிரம் இறுகாது. கட்டைகளில் நிறைய மெல்லிய வெட்டுகள் இருக்கும். அந்த வெட்டுகளுக்குள் ஸ்னோ போய் அடைந்துகொள்ளும். ஸ்னோவை ஸ்னோவே நன்றாகப் பிடிக்கும் என்பதால் அந்த அடைப்பு உங்களுக்கு உதவி. கோடையிலும் கழற்றாமல் ஓடலாம்.

வின்ரர் ரயரை அப்படி ஓட முடியாது. ஜூலை வெயிலில் அதன் மென்மையான றப்பர் வேகமாகத் தேயும். காய்ந்த வீதியில் பிரேக் பிடித்தால் கார் கூடுதல் தூரம் போய்த்தான் நிற்கும்.

எதைப் பார்த்து வாங்குவது?

விற்பனையாளர் சொல்லும் பெயரை விட்டுவிட்டு ரயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் வரைந்த சிறிய சின்னம் இருக்க வேண்டும். அது இல்லாத ரயரை இங்கத்தைய குளிர்காலத்துக்கு வாங்க வேண்டாம்.

பலர் 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்தைக் காட்டி "சேறு, ஸ்னோ இரண்டுக்கும் என்று போட்டிருக்கிறதே" என்பார்கள். அது தவாளிப்புகளின், அதாவது கட்டைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களின், அமைப்பை வைத்துப் போடப்படும் குறி. அதற்காக எந்தப் பனியிலும் ரயரை ஓட்டிப் பார்ப்பதில்லை. மலைச் சின்னத்துக்குச் சோதனை உண்டு. வட அமெரிக்க ரயர் தொழில்துறை 1999இல் அதைக் கொண்டுவந்தது. இறுகிய ஸ்னோவில் ரயர் காரை எவ்வளவு நன்றாக இழுத்துச் செல்கிறது என்று அளந்து, ஒரு பொது ஒப்பீட்டு ரயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இருந்தால்தான் சின்னம் கிடைக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். சோதிக்கப்படுவது ஸ்னோவில் முன்னே போகிற பலம் மட்டும்தான். ஐஸில் எப்படி நிற்கும், வளைவில் எப்படித் திரும்பும் என்பது அந்தச் சோதனையில் இல்லை. ஆகவே சின்னம் இருந்தால் போதும், எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல வின்ரர் ரயர் ஐஸில் ஓல்-வெதரை வென்றுவிடும். அந்த வித்தியாசம் சிறியதல்ல.

எனக்கு ஓல்-வெதர் சரிவருமா, வின்ரர் ரயர்தான் வேண்டுமா?

நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: மிக மோசமான நாளில் காரை வீட்டிலேயே விட்டுவிட உங்களால் முடியுமா?

வீட்டிலிருந்து வேலை செய்ய வசதி இருக்கிறது, இல்லாவிட்டால் பஸ்ஸும் சப்வேயும் பக்கத்தில் இருக்கின்றன, ஓடுவதும் ரொறன்ரோவுக்குள்ளும் அக்கம்பக்கத்திலும்தான், ஆண்டுக்கு 15,000 கிலோமீற்றருக்கு மேல் போகாது, அடுக்குமாடியில் இன்னொரு சோடி, அதாவது இன்னும் நான்கு, ரயரை வைக்க இடமில்லை. இப்படியானவருக்கு நல்ல ஓல்-வெதர் சரியான தெரிவு. இரண்டாந்தரத் தெரிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போகிற தாதிமார், முதியோர் பராமரிப்பு வேலை செய்பவர்கள், இரவு வேலைக்காரர், ராக்சியும் உணவு விநியோகமும் ஓடுகிறவர்கள், இவர்களின் நிலை வேறு. ஸ்னோ கொட்டினால் முதலில் நெடுஞ்சாலைகளையும் பிரதான வீதிகளையும்தான் துப்புரவாக்குவார்கள். உங்கள் குடியிருப்புத் தெருவுக்கு வண்டி வரும்போது நீங்கள் எப்போதோ புறப்பட்டிருப்பீர்கள். உப்புப் போடுவதற்கு முந்திய அந்த மணித்தியாலத்தில் ஓடுகிறவருக்கு வின்ரர் ரயரைத்தான் சொல்வேன். செலவைப் பார்த்துத் தயங்குகிறார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் இவர்களிடம்தான் நான் ஆகக் கூடுதலாக வற்புறுத்துவேன், ஏனென்றால் ஆபத்தான நேரத்தில் வீதியில் இருப்பது இவர்கள்தான்.

ஹைவே 400இல் பரி, அதற்கு அப்பால் மஸ்கோக்கா என்று அடிக்கடி போகிறவர்களும் இதே பக்கம்தான். ஜோர்ஜியன் குடாவின் நீர் உறைவதற்கு முன் அதன்மேலே குளிர்காற்று வீசினால் ஈரத்தை அள்ளி வந்து கரையோரத்தில் ஸ்னோவாகக் கொட்டும். வெயில் எறித்துக்கொண்டிருக்கிற வீதி சில நிமிடங்களில் முன்னால் போகிற காரே தெரியாத அளவுக்கு வெள்ளையாகிவிடும்.

என்னுடையது நான்கு சில்லும் இழுக்கிற கார். எனக்கு இதெல்லாம் தேவையா?

கட்டாயம் தேவை. நான்கு சில்லும் இழுப்பது புறப்படுவதற்கு உதவும். நிற்பதற்கு ஒரு உதவியும் செய்யாது. எந்தக் காரிலும் பிரேக் நான்கு சில்லிலும்தான் இருக்கிறது. காரை நிறுத்துவது ரயருக்கும் வீதிக்கும் இடையிலுள்ள உராய்வு.

கணக்காகப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் இறுகிய ஸ்னோவில் போகிறீர்கள். ஒரு காரின் ரயருக்கு உராய்வுக் குணகம் (வீதியை எவ்வளவு பிடிக்கிறது என்று காட்டும் எண்) 0.3, மற்றதுக்கு 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கார் பிரேக் பிடித்து ஏறத்தாழ 33 மீற்றரில் நிற்கும். இரண்டாவதுக்கு 49 மீற்றர் வேண்டும். 16 மீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 29 கிலோமீற்றர். அந்த இடம் பாடசாலைக்கு முன்னாலுள்ள பாதசாரிக் கடவையாக இருந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

பெரிய வாகனம், நான்கு சில்லு இழுவை என்ற துணிச்சலில் பழைய ஓல்-சீசனோடு ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம்தான் வருகிறது. புறப்படும்போது வழுக்காததால் வீதி வழுக்குகிறது என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. சிவப்பு விளக்கு வரும்போதுதான் தெரிகிறது.

எந்தக் குளிரில் வீதி ஆக மோசமாக வழுக்கும்?

மைனஸ் 20இல் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில்தான் ஐஸ் ஆகக் கூடுதலாக வழுக்கும், ஏனென்றால் அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். பகலில் உருகி இரவில் உறைகிற டிசம்பர், மார்ச் மாத நாட்களில் மேம்பாலங்களில் கவனமாக இருங்கள். பாலத்துக்குக் கீழேயும் குளிர்காற்று ஓடுவதால் அது மற்ற வீதிக்கு முந்தி உறைந்துவிடும்.

செலவில் எது இலாபம்?

ஓல்-வெதர் ஒரே சோடி. ஆண்டுக்கு இரண்டு தடவை மாற்றும் கூலி இல்லை, சேமிப்பிட வாடகை இல்லை, இன்னொரு சோடி றிம் வாங்க வேண்டியதில்லை. வின்ரர் ரயரும் ஓல்-சீசனுமாக இரண்டு சோடி வைத்திருந்தால் முதலில் கைக்காசு கூடுதலாகப் போகும். ஆனால் ஒன்று ஓடும்போது மற்றது ஓய்வெடுப்பதால் இரண்டும் கூடுதல் வருடங்கள் வரும்.

இங்கே அநேகர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஓல்-வெதர் ரயரின் உத்தரவாதத்தில் எழுதியிருக்கிற கிலோமீற்றர் முழுவதையும் குளிர்காலத்துக்கும் சேர்த்து எண்ணிவிடக் கூடாது. புதிய ரயரில் தவாளிப்பு ஏறத்தாழ 8 மி.மீ. ஆழம். ஒன்ராறியோவில் சட்டப்படி 1.5 மி.மீ. வரை ஓடலாம். ஆனால் ஏறத்தாழ 4 மி.மீ.க்குத் தேய்ந்த ரயரோடு ஸ்னோ மூடிய வீதியில் ஓட வேண்டாம் என்பது கனடியப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அறிவுரை. ஒரு ரயர் 80,000 கிலோமீற்றரில் அந்தச் சட்ட எல்லைக்குத் தேயும் என்றால், ஒரே சீராகத் தேய்ந்தாலும் ஏறத்தாழ 50,000ஆவது கிலோமீற்றரில் 4 மி.மீ.க்கு வந்துவிடும். ஆண்டுக்கு 20,000 ஓடுகிறவருக்கு அது இரண்டரை வருடம். மூன்றாவது குளிர்காலத்தின் இடையில் சின்னம் பக்கச்சுவரில் அப்படியே இருக்கும், ஆனால் ஸ்னோவில் பிடி போய்விடும்.

அதனால் நிறைய ஓடுகிறவருக்கு ஓல்-வெதர் மலிவு என்பது உறுதியில்லை. குறைய ஓடுகிறவருக்கு நல்ல இலாபம். ஆழத்தை அளக்கும் சின்னக் கருவி சில டொலருக்குக் கிடைக்கும். ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஒவ்வொரு ரயரிலும் உட்புறம், நடு, வெளிப்புறம் என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மொன்றியலுக்குக் கலியாணத்துக்குப் போனால் பிடிப்பார்களா?

ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் கட்டாயமில்லை. கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். மலைச் சின்னம் உள்ள ஓல்-வெதர் அங்கே செல்லும். ஒன்ராறியோ இலக்கத்தகட்டோடு விருந்துக்குப் போகிறவரை அந்தச் சட்டம் கட்டாது. ஆனால் ஜனவரியில் ஹைவே 401இல் கோர்ன்வாலைத் தாண்டிப் போகிறவர், சட்டம் கேட்கிறதோ இல்லையோ, அந்தச் சின்னத்தோடு போவதுதான் நல்லது. மொன்றியலுக்கு மாறிக் குடியேறினால் பதிவை மாற்றும்போதே ரயரையும் பாருங்கள்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெரும்பாலான உட்பகுதி, மலைப்பாதை நெடுஞ்சாலைகளில் ஒக்டோபர் 1 முதல் குளிர்கால ரயர் வேண்டும். சில இடங்களில் மார்ச் 31 வரை, மலைக் கணவாய்களில் ஏப்ரல் 30 வரை. அங்கே எம் பிளஸ் எஸ் ரயரையும் ஏற்கிறார்கள், ஆனால் 3.5 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும்.

காப்புறுதியில் கழிவு கிடைக்குமா?

கிடைக்கும். 2016 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் எல்லாக் காப்புறுதி நிறுவனங்களும் வின்ரர் ரயருக்குக் கழிவு கொடுக்க வேண்டும். ஆனால் நீங்கள் அழைத்துச் சொன்னால்தான் போடுவார்கள். ஓல்-வெதரை ஏற்பார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். "மலைச் சின்னம் இருக்கிறது, ஏற்பீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

எந்த நிறுவனத்தின் ரயர் நல்லது?

ஓல்-வெதரில் நான் முதலில் பார்க்கச் சொல்வது மிஷெலின் குரொஸ்குளைமேற் 2. ஈர வீதியிலும் ஸ்னோவிலும் சமநிலையாக ஓடும். விலை கூடத்தான். பின்லாந்து நிறுவனமான நோக்கியன் இந்த வகையில் நீண்டகாலம் உழைத்த நிறுவனம். 1930களிலேயே குளிர்கால ரயர் செய்யத் தொடங்கியவர்கள். ரோயோ செல்சியஸ், பிரிட்ஜ்ஸ்டோன் வெதர்பீக், ஃபயர்ஸ்டோன் வெதர்கிறிப் ஆகியவையும் சின்னம் உள்ளவைதான். உங்கள் காரின் அளவில் எது இருக்கிறது, எது கழிவில் போகிறது என்று பார்த்துத் தீர்மானிக்கலாம். பெயர் கேள்விப்படாத மலிவு ரயரை, சின்னம் இருந்தாலும், ஈர வீதிச் சோதனை முடிவுகளைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். எங்களுக்கு ஆண்டில் ஸ்னோ நாட்களைவிட மழை நாட்கள் கூட.

ரயரில் இருக்கிற இலக்கங்களை எப்படி வாசிப்பது?

உதாரணமாக 225/65 ஆர்17 102எச். அகலம் 225 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், றிம் 17 அங்குலம். 102 என்பது பாரக் குறியீடு, ஒரு ரயர் 850 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர் வரை. சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற தாளில் உங்கள் காருக்கான அளவும் காற்றழுத்தமும் இருக்கும். பாரக் குறியீடு அதற்குக் குறையக் கூடாது.

டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம் ரயர் செய்த வாரமும் ஆண்டும். 3522 என்றால் 2022இன் 35ஆவது வாரம். பாவிக்காமல் கடையில் கிடந்தாலும் றப்பர் வயதாகும். கழிவு விலை என்று சொன்னால் இந்த இலக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

காசு போதாது. இரண்டு ரயர் மட்டும் மாற்றலாமா?

வேண்டாம். முன்னுக்கு மட்டும் நல்ல ரயர் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவரும். வளைவில் பிரேக் தொட்டாலே போதும், கார் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். நான்கும் ஒரே வகை, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். காசு இறுக்கமென்றால் மிகச் சிறந்த இரண்டுக்குப் பதில் நடுத்தரமான நான்கு வாங்குங்கள்.

மின்சாரக் காருக்கு வேறு ரயரா?

மின்சாரக் கார் பாரம் கூட. அழுத்திய உடனே முழு இழுவையும் வரும். அதனால் ரயர் சீக்கிரம் தேயும், பாரக் குறியீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். பிடி கூடிய ரயர் போட்டால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் கொஞ்சம் குறையும். அது குறையட்டும், பிடிதான் முக்கியம்.

குளிர் தொடங்கியதும் ரயர் விளக்கு எரிகிறது. ஓட்டையா?

அநேகமாக இல்லை. ஒவ்வொரு 5.6 பாகை வீழ்ச்சிக்கும் ரயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) இறங்கும். 15 பாகையில் 33 அடித்த ரயர் மைனஸ் 20இல் 27க்கு வந்துவிடும். கார் ஓடாமல் குளிர்ந்து நிற்கும்போது அளந்து, கதவுத் தாளில் உள்ள அளவுக்கு அடியுங்கள். பக்கச்சுவரில் எழுதியிருப்பது ரயர் தாங்கும் உச்ச அழுத்தம், அந்த அளவுக்கு அடிக்கக் கூடாது. ஒரே ரயர் மட்டும் திரும்பத் திரும்ப இறங்கினால் ஆணியோ, றிம்மில் கறளோ இருக்கும். கராஜில் காட்டுங்கள்.

போட்ட பிறகு என்ன கவனிக்க வேண்டும்?

முதல் 100 கிலோமீற்றருக்குள் சில்லு நட்டுகளைச் சரியான இறுக்கத்துக்குத் திரும்ப இறுக்குவியுங்கள். அநேக கடைகள் இதற்குக் காசு கேட்பதில்லை, ஆனால் நீங்கள்தான் திரும்பிப் போக வேண்டும். 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை முன்பின் மாற்றுங்கள். பக்கச்சுவரில் அம்புக்குறி இருக்கிற ரயரை அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாகத்தான் மாற்றலாம்.

ஜனவரியில் வந்து இறங்கி, ஒரு பழைய கார் பார்த்து வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

விலை பேசுவதற்கு முன் நான்கு ரயரிலும் மலைச் சின்னம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஆழத்தையும் செய்த ஆண்டையும் பாருங்கள். பின் ரயரையும் கட்டாயம் பாருங்கள். முன்னுக்கு நல்லதும் பின்னுக்கு மொட்டையுமாக விற்கிற கார்கள் உண்டு. சின்னம் இல்லையென்றால் நான்கு ரயரின் விலையைக் காரின் விலையோடு கூட்டிப் பேரம் பேசுங்கள். கையில் ஒரு சோடிக்குத்தான் காசு என்றால் நல்ல ஓல்-வெதர் நான்கும் போட்டு, அந்த முதல் குளிர்காலத்தை அதில் ஓடுங்கள். முதல் ஸ்னோ விழுந்த காலை, ஆட்களில்லாத பெரிய தரிப்பிடத்தில், உரிமையாளர் அனுமதித்தால், மெதுவாக ஓடி பிரேக்கை அழுத்திப் பாருங்கள். மிதியில் கடகடவென்று அதிரும். அது வழுக்கல் தடுப்பு பிரேக் வேலை செய்கிற அதிர்வு, காலை எடுக்காமல் அழுத்தியே வைத்திருங்கள்.